மறந்துபோன பின் எண்கள்: பெரியவர்களுக்கு உதவியவர்களின் அனுபவங்கள்

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்:

எங்கள் ஊர் ஓய்வூதியர் சங்கத்தில் ஒவ்வொரு மாதத்தின் முதல் வாரமும் காலை வேளைகளில் உட்கார்ந்திருப்பது, பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வழக்கமாகிவிட்டது. அங்கே வருபவர்களில் பலர் ஓய்வூதியம் வரவில்லை என்று வருவதில்லை. வந்த பணத்தை எடுக்க முடியவில்லை என்றுதான் வருகிறார்கள். "கார்டு கெட்டுப்போய்விட்டது" என்பார்கள். கார்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பின் எண்ணை மூன்று முறை தவறாக அழுத்தியிருப்பார்கள், இயந்திரம் கார்டை முடக்கியிருக்கும். பல வங்கிகளில் மறுநாளே அது தானாகச் செயல்படத் தொடங்கிவிடும் என்பதைச் சொன்னாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடும். ஆனால் அதைச் சொல்ல ஆள் இல்லாததால், புதிய கார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அது தபாலில் வரும்வரை கைமாற்று வாங்கிச் செலவு செய்தவர்களை எனக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் நிலை சற்று வேறு. ஏடிஎம்மில் அவருக்கு ஒருநாளும் தடங்கல் வந்ததில்லை. மருந்துக்கடையில் வைத்திருந்த புதிய ஸ்வைப் இயந்திரத்தில் பொத்தான்கள் இல்லை, வழுவழுப்பான தொடுதிரைதான் இருந்தது. அதன் முன்னால் நின்றபோது அவருக்கு எண் அடியோடு நினைவுக்கு வரவில்லை. விசாரித்துப் பார்த்ததில், அந்த எண்ணை அவர் எண்ணாக மனத்தில் வைத்திருக்கவே இல்லை என்பது புரிந்தது. நடுவில் ஒன்று, மேலே ஒன்று, பிறகு கீழ்வரிசையின் ஓரம் என்று விரல் போகும் வழியைத்தான் பழகி வைத்திருந்தார். வீட்டில் கால்குலேட்டரில் அழுத்திப் பார்த்துக் குழம்பியிருக்கிறார். கால்குலேட்டரில் 7, 8, 9 மேல்வரிசையில் இருக்கும். ஏடிஎம்மிலும் தொலைபேசியிலும் 1, 2, 3 மேலே இருக்கும். ஆகவே அவருடைய பழைய பொத்தான் போனையே கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஏடிஎம்மில் அழுத்துவதைப் போல அழுத்தச் சொல்லிவிட்டு, நான் எழுந்து சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். "வந்துவிட்டது சார்" என்று குரல் கேட்டது. திரையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு உடனே அழித்துவிடுங்கள் என்றேன்.

திரும்பி நின்றதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்ணைத் தெரிந்துகொள்ளாமலேயே உதவ முடியும் என்பதும், அப்படித்தான் உதவ வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. "நீங்களே அழுத்திக் கொடுங்கள் தம்பி" என்று பெரியவர்கள் கார்டை நீட்டும்போது வாங்காமலிருப்பது மரியாதைக் குறைவைப் போலத் தோன்றும். ஆனால் ஏடிஎம் வாசலில் உதவுவதாக நடித்து, எண்ணைப் பார்த்துக்கொண்டு, அதே நிறத்தில் வேறொரு கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும் திருட்டு நம் மாவட்டச் செய்திகளில் ஓயாமல் வருகிறது. இன்று என்னிடம் கார்டை நீட்டிப் பழகும் கை நாளை அவனிடமும் நீட்டும்.

எண் நிஜமாகவே மறந்துபோயிருந்தால், பெரும்பாலான வங்கிகளில் இப்போது கிளைக்குப் போகாமலேயே புதிய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஏடிஎம்மில் கார்டைச் செருகி, பின் உருவாக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால், வங்கியில் பதிவான கைப்பேசிக்கு ஓடிபி வரும். அதைக் கொண்டு புதிய எண்ணை அமைக்கலாம். சொல்வதற்கு எளிது. பதிவான கைப்பேசி எண் எது என்று கேட்டால்தான் உண்மையான சிக்கல் வெளியே வரும்.


தனியார் நிறுவன ஊழியர், சென்னை (சொந்த ஊர் பாளையங்கோட்டை):

ஐயா கடைசி வரியில் சொன்னதுதான் எங்கள் வீட்டில் நடந்தது. அம்மாவின் வங்கிக் கணக்கில் பதிவாகியிருந்தது அப்பா உயிரோடு இருந்தபோது பயன்படுத்திய எண். அப்பா காலமான பிறகு அந்த சிம்முக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. பயன்பாடே இல்லாமல் 90 நாள்களைத் தாண்டிய எண்ணை நிறுவனம் முடக்கலாம். பிறகு சில காலம் கழித்து அதை வேறொருவருக்கு வழங்கிவிடலாம். அம்மா பின் எண்ணை மறந்து, நான் ஓடிபி வழியில் முயன்றபோது, அந்தக் குறுஞ்செய்தி முகம் தெரியாத யாரோ ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். எடுத்தவர் நல்ல மனிதர். தனக்கு மாதாமாதம் யாருடைய ஓய்வூதியமோ வரவு வைக்கப்பட்டதாகச் செய்தி வருகிறது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கைப்பேசி எண்ணை மாற்ற அம்மாவையே கிளைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அங்கிருந்த ஊழியர் என் எண்ணைக் கொடுத்துவிடும்படி சொன்னார். "பிள்ளைகள் நம்பர்தான் சார் எல்லாரும் கொடுக்கிறார்கள், அதுதான் வசதி" என்றார். வசதிதான். ஆனால் அதன் பிறகு அம்மா தன் கணக்கில் எதைச் செய்ய வேண்டுமானாலும், நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தாலும், சென்னையிலிருந்து ஓடிபியை வாசித்துக் காட்ட வேண்டும். போனில் ஓடிபியை வாசித்துக் காட்டுவது குடும்பத்துக்குள் இயல்பான பழக்கமாகிவிட்டால், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவனிடமும் அம்மா அதை வாசிக்கத்தானே செய்வார்? ஆகவே அம்மாவின் பொத்தான் போனில் இருந்த எண்ணையே பதிவு செய்தோம். அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் என் வேலை.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். என் சித்தப்பா ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறார். அவர் எண்ணை மறந்துவிட்டதாகச் சொன்னபோது, எந்த எண் என்று கேட்டேன். ஏடிஎம் பின், யுபிஐ பின், வங்கிச் செயலியைத் திறக்கும் எம்பின், போனின் பூட்டு எண் ஆகிய நான்கும் அவருக்கு "அந்த நம்பர்"தான். ஒன்றையும் அவர் மறக்கவில்லை. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார். இதற்கு நினைவாற்றலைக் குறை சொல்வது நியாயமில்லை. நாற்பது வயதுக்காரர்களே தடுமாறுகிற இடம் இது. அவருக்குத் தேவை பால், காய்கறி, ஆட்டோ ஆகியவற்றுக்கான சில்லறைச் செலவுதான் என்பதால், 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் வசதியில் என் தம்பியின் கணக்கோடு அவரை இணைத்தோம். மாதத்துக்கு 15,000 ரூபாய்க்குள், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய்க்குள் அவர் தன் போனிலிருந்தே செலுத்தலாம். யுபிஐ பின் எண் அவருக்குத் தேவையில்லை. சித்தப்பா மாத முடிவில் கணக்குப் பார்த்துத் தம்பியிடம் ரூபாய் நோட்டாகவே திருப்பிக் கொடுத்துவிடுகிறார், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.


கிளை அஞ்சலக ஊழியர், தென்காசி மாவட்டம்:

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கார்டையே பையில் சுருட்டி வைத்துவிட்டு, ஆதார் கைரேகை வழியாகப் பணம் எடுக்கும் பெரியவர்கள் அதிகம். எந்த வங்கிக் கணக்காக இருந்தாலும், ஆதார் அதில் இணைந்திருந்தால், நாங்கள் கொண்டுபோகும் கருவியில் விரல் வைத்து ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். பின் எண்ணை மறந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் ஆண்டுக்கணக்கில் பீடி சுற்றிய பாட்டிகளின் விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். கருவி ஏற்காது. ஈரத்துணியால் விரலைத் துடைத்து, ஆட்காட்டி விரலுக்குப் பதிலாக மோதிர விரலை வைத்து, சற்று அழுத்திப் பிடித்துப் பார்ப்போம். அப்போதும் விழாவிட்டால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துவரச் சொல்ல வேண்டியதுதான். இதில் எச்சரிக்கை ஒன்று உண்டு. கைரேகை விழவில்லை, மறுபடியும் வையுங்கள் என்று வெளியாள் யாராவது திரும்பத் திரும்பச் சொன்னால், ஒவ்வொரு முறையும் திரையில் என்ன வந்தது என்று கேட்க வேண்டும். முதல் தடவையிலேயே பணம் கழிந்திருக்கலாம். நான் தொகையை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் விரல் வைக்கச் சொல்வேன். பிறகு மீதி எவ்வளவு என்பதையும் பாட்டியின் காதருகே மட்டும் சொல்வேன், ஏனென்றால் திண்ணையில் எப்போதும் மருமகள் உட்கார்ந்திருப்பார்.


கல்லூரி மாணவர், மதுரை:

எங்கள் தாத்தா பின் எண்ணை நாட்குறிப்பில் ஒரு தொலைபேசி எண்ணுக்குள் மறைத்து எழுதி வைத்திருக்கிறார். பெயர் இருக்கும், ஊர் இருக்கும். பத்து இலக்கங்களுக்குள் நான்கு இலக்கங்கள் பின் எண். இது பாதுகாப்பானதா என்று கும்பகோணத்து ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.


ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்:

எங்கேயும் எழுதக் கூடாது என்பதுதான் வங்கியின் அறிவுரை. நான் பணியில் இருந்த காலத்தில் அதைத்தான் சொல்லி வந்தேன். ஆனாலும் எண்பது வயதுக்காரரிடம் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது எனக்கு இப்போது நேர்மையாகப் படவில்லை. அவர் எப்படியும் எழுதத்தான் போகிறார், பெரும்பாலும் கார்டு உறையின் மேலேயே எழுதுவார். அதைவிடத் தாத்தாவின் வழி எவ்வளவோ மேல். நாட்குறிப்பும் கார்டும் ஒரே பையில் போகக் கூடாது, அந்தப் பெயர் நிஜமாகவே உறவினர் ஒருவருடையதாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள். பிறந்த ஆண்டையோ வண்டி எண்ணையோ பின் எண்ணாக வைத்திருந்தால், எவ்வளவு மறைத்து எழுதியும் பயனில்லை.

இதில் சட்டப் பக்கமும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் பேரிலும் வாடிக்கையாளரின் பேரிலும் தவறில்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு கிடையாது. ஆனால் ரகசிய எண்ணை அவரே பிறருக்குச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு அவருடையதுதான். தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கே வங்கி பொறுப்பேற்கும். பேரனிடம் சொல்வதும் சொல்வதுதான். ஆகவே பணம் போயிருப்பது தெரிந்தால், யாரைத் திட்டுவது என்று பார்க்காமல் முதலில் கார்டை முடக்கிவிட்டு, இணைய மோசடிகளைப் புகார் செய்வதற்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.


இல்லத்தரசி, கோயம்புத்தூர்:

இங்கே எல்லோரும் எண்ணை மறந்தவர்களைப் பற்றிச் சொல்கிறீர்கள். என் மாமனார் ஒருநாள் ஏடிஎம் இயந்திரத்தின் முன்னால் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டார். எண்ணை மறந்திருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பேன். அன்று மாலையே நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கினோம். மறதி நோயின் தொடக்கம் என்றார்.

அவர் சொன்ன ஆலோசனைகளில் மருந்தைவிட எங்களுக்குப் பயன்பட்டது, மாமா நல்ல தெளிவோடு இருக்கும் காலத்திலேயே வங்கி வேலைகளை முடித்துக்கொள்ளச் சொன்னதுதான். அவர் பெயரில் மட்டும் இருந்த கணக்கில் அத்தையின் பெயரையும் சேர்த்து, இருவரில் எவர் வேண்டுமானாலும் இயக்கலாம் என்று மாற்றினோம். பொது அதிகாரப் பத்திரம் எழுதிவிட்டால் போதும் என்று உறவினர்கள் சொன்னார்கள். அதைக் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்துவிட்டால் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்பதை வழக்கறிஞர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். தேவைப்படும் நேரத்தில் அது கையில் இருக்காது. எதையும் செய்யாமல் விட்டுவிட்டால் நீதிமன்றம்தான் வழி. கோமாவில் இருந்த ஒருவரின் சொத்தைக் கையாள அவருடைய மனைவியைப் பாதுகாவலராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் நியமித்ததைப் படித்திருப்பீர்கள். அந்த உத்தரவைப் பெறுவதற்கு அந்த அம்மாள் எவ்வளவு அலைந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கார்டை மாமாவிடமிருந்து வாங்கிவிடவில்லை. வாங்கினால் கோபம் வருகிறது, சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். காலாவதியான கார்டு ஒன்று அவர் பையில் இருக்கிறது. நடப்பில் உள்ளது அத்தையிடம் இருக்கிறது. இதை ஏமாற்று என்று என் கணவர் வருத்தப்படுகிறார், நான் அப்படி நினைக்கவில்லை. இப்போது எங்கள் கேள்வி, அத்தைக்கும் முழங்கால் வலியால் வங்கிக்குப் போக முடியாத நிலையில் அடுத்து என்ன செய்வது என்பதுதான்.


ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்:

அம்மா, உங்கள் அத்தைக்கு எழுபது வயது கடந்திருந்தால் கிளையில் வீடு தேடி வரும் சேவையைக் கேளுங்கள். எழுபதைத் தாண்டிய மூத்த குடிமக்களுக்குப் பணம் கொண்டுவந்து கொடுப்பது, வாழ்நாள் சான்று வாங்கிக்கொள்வது ஆகியவற்றை வீட்டிலேயே செய்ய வங்கிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. எல்லாக் கிளைகளிலும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், சிறு கட்டணமும் இருக்கலாம். கையெழுத்துப் போட முடியாத அளவுக்குக் கை நடுங்கினால், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகையை வைக்கலாம். அந்தச் சாட்சிகளில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டு இல்லை என்றால், கடிதமாக எழுதி, நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை கேட்டாலே பல இடங்களில் வேலை நடந்துவிடும்.