லெவி கெளம்பிட்டாருங்ணா... சந்தோசப்படறதா வெசனப்படறதான்னே தெரியல

பீளமேட்டு ஸ்பர்:
2025 செப்டம்பர் 4 அன்னைக்கு ராத்திரி ஊட்டுல எல்லாரும் படுத்த பொறகு போனை நோண்டிட்டு இருந்தேன், டேனியல் லெவி நம்ம லண்டன் புட்பால் கிளப்பு டாட்டன்ஹம் ஸ்பர்ஸோட சேர்மன் பதவிய விட்டுப் போறாருன்னு வந்துச்சு. மொதல்ல எவனோ லொள்ளு பண்றான்னு நெனச்சேன், அப்பறம் கிளப்போட சொந்தப் பக்கத்துலயே போட்டிருந்தாங்க. 2001 மார்ச்சுல உக்காந்த மனுசன். அப்ப நான் காலேஜ், இப்ப என்ற பையன் ஒம்பதாவது. வருசக்கணக்கா லெவி வெளிய போன்னு கத்துனவன் நான், ஆனா அன்னைக்கு என்னமோ பொக்குன்னு போச்சு. உங்க கணக்குல அந்தாளு நல்லவரா கெட்டவரா? திட்டறவங்களும் வாங்க, ஆனா ஊட்டு ஆளுங்கள இழுக்காம பேசுங்க.

பனியன் டவுன்:
பொக்குன்னா போச்சு? எனக்கு வயித்துல பால வார்த்த மாதிரி இருக்குதுங்ணா. 24 வருசத்துல மொத்தம் ரெண்டு கோப்பை. 2008 லீக் கப்பு, 2025 யூரோப்பா லீக். மொத கோப்பை வந்தப்ப பொறந்த கொழந்தை ரெண்டாவது வரும்போது பிளஸ் டூ பக்கம் வந்துருச்சு. அதெல்லாம் கூட போவுட்டும், 2021 ஏப்ரல்ல பண்ணுன வேலைய மறக்க முடியுமா? லீக் கப் பைனலுக்கு ஆறே நாள் இருக்கறப்ப கோச் மொரின்யோவ தூக்கிட்டு 29 வயசு ரயன் மேசன் கையில டீமக் குடுத்தாரு. நாளைக்கழிச்சு கல்யாணம்ங்கறப்ப சமையக்காரர தொரத்திட்டு இல பரிமாறுற பையன்கிட்ட கரண்டியக் குடுத்த கதைதான். பைனல்ல மான்செஸ்டர் சிட்டிகிட்ட 1-0 தோல்வி. எதிர்பாத்ததுதான்.

சத்தி ரோட்டுக்காரன்:
தம்பி, கோபப்படாம கேளு. நீ எந்த வருசத்துல இருந்து ஸ்பர்ஸ் பாக்கறேன்னு தெரியல, நான் 90கள்ல இருந்து பாக்கறேன். அப்பெல்லாம் பத்தாவது பன்னெண்டாவது எடத்துல வந்து நின்னா அதுவே பெருசு. 2010 வரைக்கும் ஐரோப்பாவோட பெரிய போட்டி சாம்பியன்ஸ் லீக்குங்கறது நமக்கு பக்கத்து ஊட்டு கல்யாணம், மேளச்சத்தம் கேக்கும், பந்தியில எடம் இருக்காது. அங்கிருந்து 2019 ல மாட்ரிட்ல பைனல் ஆடுற வரைக்கும் கூட்டியாந்தது யாரு?

அப்பறம் ஸ்டேடியம். மச்சான் லண்டன்ல இருக்கறதால 2022 ல ஒருக்கா போற பாக்கியம் கெடச்சுது. 62,850 பேர் உக்கார்ற எடம். தெக்கால ஸ்டாண்டு மட்டும் ஒரே அடுக்கா 17,500 பேரு, கீழ நின்னு அண்ணாந்து பாத்தா நம்ம சத்தி ரோட்டுல இருந்து மலையப் பாக்கற மாதிரி சாஞ்சு மேல போகுது. புல்லுத் தரை மூணு துண்டா பிரிஞ்சு அந்த ஸ்டாண்டுக்கு அடியில உள்ள போயிருமாம், அதுக்குக் கீழ அமெரிக்கன் புட்பாலுக்கு வேற தரை. பீர் கப்புல கூட அடியில இருந்து மேல நெறையுதுங்க! நான் குடிக்கறதில்ல, அத வேடிக்க பாக்கறதுக்கே பத்து நிமிசம் நின்னேன். பம்ப்செட் ஊர்க்காரனுக்கு கால் நகருமா அங்கிருந்து. மச்சான்தான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனான்.

வடக்கு லண்டன் சிவப்பு:
செரிங்ணா, பீர் அடியில இருந்து நெறையுது, கோப்பை அலமாரி எப்ப நெறையும் 😂 ஆகஸ்ட்ல எஸேங்கற பிளேயர வாங்கிட்டோம்னு ஸ்டேட்டஸ் போட்டவங்கல்லாம் கைய தூக்குங்க, அவரு கடைசில எங்க ஆர்சனலுக்கு வந்துட்டாரு. எங்க கிளப்புல இருந்து லெவிக்கு ஒரு நன்றிக் கடுதாசி போகோணும்.

பனியன் டவுன்:
ஆர்சனல்காரரே நீங்க கடைசியா லீக் ஜெயிச்சது 2004, கொஞ்சம் அக்கட்ட போய் உக்காருங்.

சத்தி அண்ணா, ஸ்டேடியத்த நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அது யாரு காசுல வந்துச்சு? 2018 கோடையில ஒரு பிளேயர் வாங்கல, 2019 ஜனவரியிலயும் வாங்கல. அந்தக் கஞ்சியக் குடிச்சுட்டுதான் அப்பத்த கோச் பொச்செட்டினோ சாம்பியன்ஸ் லீக் செமி பைனலுக்கு ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் போனாரு, லூகாஸ் மோரா 96வது நிமிசம் அடிச்ச கோலுக்கு நான் நைட் ஷிப்டுல நூல் கோன் மேல உக்காந்திருந்தவன் எந்திரிச்சுக் கத்தி சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்குனேன். அந்த மனுசன பைனல் முடிஞ்சு அஞ்சு மாசத்துல ஊட்டுக்கு அனுப்பிட்டாரு லெவி. பொச்செட்டினோ கேட்டது அரண்மனை இல்ல, ரெண்டு மூணு ஆளு.

ஈரோடு மஞ்சள்:
நான் ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பாக்கறவ, எனக்குத் தோணறத சொல்றேன். 2022-23 ல கிளப்போட வருமானம் சுமார் 55 கோடி பவுண்டு. அதுல சம்பளத்துக்குப் போனது பாதிக்கும் கம்மி. பெரிய கிளப்புங்கள்ல இவ்வளவு கம்மியா யாரும் குடுக்கறதில்ல. கடன்காரனுக்கு இது தங்கமான கணக்கு. லெவி கையில குடுத்தா எந்த மில்லும் நஷ்டத்துல போகாது, அத ஒத்துக்கோணும். ஆனா புட்பால் கிளப்பு நூல் மில் இல்லீங்களே. 2013 ல கேரத் பேல்ங்கற பிளேயர வித்தாங்க, சுமார் 10 கோடி யூரோ, ஒலகத்துலயே அதுக்கு முந்தி யாருக்கும் அவ்வளவு குடுத்ததில்லைன்னு பேசுனாங்க. 2023 ல நம்ம பிளேயர் ஹாரி கேன ஜெர்மனி கிளப்பு பயர்னுக்கு வித்தாங்க. பேரம் பேசறதுல அவர அடிச்சுக்க ஆளில்ல. கேன் அங்க போய் ரெண்டாவது வருசமே லீக் ஜெயிச்சுட்டாரு. 30 வயசு வரைக்கும் நம்மகிட்ட இருந்து ஒரு கோப்பை தொடல அந்தப் பையன். அந்த நஷ்டத்த எந்த லெட்ஜர்லீங்க எழுதறது?

சத்தி ரோட்டுக்காரன்:
மஞ்சளக்கா சொல்றது நாயம்தான். ஆனா செல்சிக்கு ஒரு கோடீசுவரரு, சிட்டிக்கு ஒரு நாடே பின்னாடி நிக்குது. நம்ம ஆளு கடன வாங்கி, வட்டியக் கட்டி, இருக்கறத வெச்சு ஓட்டுனாரு. தோட்டத்துல தண்ணி இல்லாதப்ப மொதல்ல போர் போடறவன்தான் வெவரமானவன், மொதல்ல காரு வாங்கறவன் இல்ல.

பனியன் டவுன்:
போர் போட்டு தண்ணியும் வந்துருச்சுங்ணா, 2019 ஏப்ரல்லயே தொறந்தாச்சு, மொத மேட்ச்சுல நம்ம பிளேயர் சன் கோல் அடிச்சாரு. அப்பறமும் ஆறு வருசம் வெள்ளாமை வைக்காம கெணத்து மேட்டுல உக்காந்து போற வர்றவனுக்கு டிக்கெட் போட்டா எப்படி?

இன்னொண்ணு சொல்லோணும், இது எனக்கு சொந்த வெசனம். 2020 லாக்டவுன்ல நான் இருந்த கம்பெனில ரெண்டு மாசம் சம்பளம் வரல. ரேசன் அரிசியிலதான் ஓடுச்சு. அதே ஏப்ரல்ல செய்தி பாக்கறேன், ஆட்டக்காரங்க இல்லாத 550 ஊழியருக்கு 20 சதவீதம் சம்பளத்த வெட்டி, அரசாங்கத்துகிட்ட உதவி கேக்கப் போறாராம் லெவி. நம்ம மொதலாளிதான் இப்படின்னு நெனச்சா, நாம கும்படற சாமியும் அதே மாதிரி! ரசிகருங்க காறித்துப்புன பொறகுதான் ரெண்டு வாரத்துல பின்வாங்குனாரு. அன்னைக்கு ஸ்பர்ஸ் ஜெர்சிய மடிச்சு பீரோவுல வெச்சவன், இந்த மே மாசம்தான் திரும்ப எடுத்தேன்.

பீளமேட்டு ஸ்பர்:
தம்பி, இது எனக்குத் தெரியாது. அந்த சம்பள விசயத்துல நானும் அவர மன்னிக்கல. 2024 ல வயசானவங்களுக்கு சீசன் டிக்கெட் சலுகையக் கொறைக்கப் பாத்ததும் அதே புத்திதான். அப்பறம் பெரிய கிளப்புங்க தனியா ஆரம்பிக்கப் பாத்த 2021 சூப்பர் லீக்ல ஓடிப்போய் கையெழுத்து போட்டாரே, அதையும் சேத்துக்கலாம்.

மே மாசம்னதும் பில்பாவோ ஊருல நடந்த யூரோப்பா லீக் பைனல் ஞாபகம் வருது. நம்ம ஊரு நேரம் நடுச்சாமம் 12.30. நம்ம ஜான்சன் உள்ள தள்ளுனது அவரு காலா, மான்செஸ்டர் யுனைடெட் காரன் கையான்னே புரியல, அசிங்கமான கோலு, எங்க ஊட்டுல தீவாளி. லீக்ல 17வது எடம், 22 தோல்வி, கையில ஐரோப்பியக் கோப்பை. 16 நாள்ல அந்த கோச்ச வேலைய விட்டுத் தூக்கிட்டாரு. லெவி கதைய யாராவது கேட்டா இந்த ஒரு வருசத்த சொன்னாப் போதும்.

நேரு ஸ்டேடியம் படிக்கட்டு:
கொஞ்சம் சம்பந்தமில்லாம பேசறேன், மன்னிச்சுக்கோங்க. 2019 மார்ச் 9. நம்ம கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி டீமு மினர்வா பஞ்சாப் கூட. மூணாவது நிமிசமே ஒரு கோலு வாங்கி எல்லாரும் தலையில கைய வெச்சுட்டோம். செகண்ட் ஹாப்ல பெட்ரோ மான்சி பெனால்டி, அப்பறம் கவுரவ் போரா ரெண்டு. 3-1. ஈஸ்ட் பெங்கால விட ஒரே ஒரு பாயிண்டு எச்சு, நம்ம நாட்டு ஐ-லீக் புட்பால் போட்டியில சாம்பியன். பக்கத்துல உக்காந்திருந்த பெரியவரு, அவரு யாருன்னே எனக்குத் தெரியாது, கட்டிப்புடிச்சு அழுதாரு. வெறும் சிமெண்டு படிக்கட்டுங்க, மத்தியானம் பூரா வெயில் குடிச்ச சூடு சாயங்காலமும் இருக்கும், காகிதத்தப் போட்டு உக்காருவோம்.

இப்ப ஐ-லீக்ல அந்தப் பேரே கெடையாது. கோப்பை ஜெயிச்ச டீமு எங்க? பனியன் தம்பி, நீ கேக்கற கோப்பை எங்களுக்குக் கெடச்சுது. சனிக்கெழமை போய் உக்காரத்தான் டீமு இல்ல. லெவி நல்லவருன்னு நான் சொல்லல.

ஈரோடு மஞ்சள்:
அந்த மேட்ச்சுக்கு எங்கப்பா எங்களக் கூட்டிட்டு வந்தாரு. வ.உ.சி. பார்க்குல மொளகா பஜ்ஜி வாங்கிக் குடுத்தது இன்னும் ஞாபகம் இருக்குது.

பனியன் டவுன்:
படிக்கட்டு அண்ணா, அத நான் யோசிக்கல. செரி, அந்தாளு கிளப்ப உசுரோட ஒப்படைச்சுட்டுப் போயிருக்காரு, அதுக்கு ஒரு கும்புடு. அந்த 20 சதவீதத்துக்கு மட்டும் கும்புடு கெடையாது.

வடக்கு லண்டன் சிவப்பு:
என்ன எல்லாரும் ராசியாயிட்டீங்க, நான் பாப்கார்னோட உக்காந்திருந்தேன்.

சத்தி ரோட்டுக்காரன்:
சனிக்கெழமை ராத்திரி 10 மணிக்கு வெஸ்ட் ஹாம் கூட இருக்குது. பனியன் தம்பி, நைட் ஷிப்ட் இல்லீன்னா ஊட்டுக்கு வா, புரொஜெக்டர் போடறேன். ஜெர்சி போட்டுட்டு வரோணும்.

பனியன் டவுன்:
ஷிப்ட் மாத்திக் கேட்டிருக்கறேன்ணா. சூப்பர்வைசர் மேன் யூ ரசிகரு, பில்பாவோவ இன்னும் மறக்கல.