ஜப்பானியக் குதிரை வாய்க்கூடு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கியோட்டோவில் தோஜி கோயில் பக்கம் மாதாமாதம் 21ஆம் தேதி கூடும் சந்தையில் என் தோழி ஒரு பழைய குதிரை வாய்க்கூடு வாங்கியிருக்கிறாள். எடோ காலத்தது (1603-1868) என்றாராம் கடைக்காரர். படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

முழுக்க இரும்பு. அன்றைய ஜப்பானில் ஆண் குதிரைகளைக் காயடிக்கும் வழக்கம் பரவலாக இல்லை. அதற்கென்று சட்டம் வந்ததே 1901இல்தான். அதனால் சாமுராய்களின் குதிரைகள் முரட்டுத்தனமாக இருக்கும், பக்கத்தில் நிற்கும் ஆளையோ குதிரையையோ கடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கூடு. ஆனால் கடியைத் தடுக்க நாலு கம்பி போதுமே! இதில் தகட்டைக் குடைந்து கொடிக்கோலம் போட்டு, நடுவில் ஒரு குலச்சின்னமும் வைத்திருக்கிறார்கள். மூச்சுவிடும் துளைகளையே அலங்காரமாக்கிய அந்தக் கொல்லரை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

சரி, உதவி இதுதான். சின்னத்தில் மூன்று இலைகள், மேலே மூன்று பூங்கொத்துகள். 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி பயன்படுத்திய பவுலோனியா (ஒரு பூமரம்) சின்னம் போலிருக்கிறது, ஆனால் அதைப் பல குடும்பங்கள் வைத்திருந்தன. பூக்களின் எண்ணிக்கையை வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? அப்புறம், ஓரங்களில் கறுப்பு அரக்குப் பூச்சு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதைக் கெடுக்காமல் துருவை நிறுத்த என்ன செய்யலாம்? பழைய இரும்புப் பொருள்களைப் பராமரித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அதுவரை எதையும் தேய்க்காதே என்று தோழியிடம் சொல்லியிருக்கிறேன்.