கூட்டுக் குடியிருப்பு: யாராவது விசாரித்தீர்களா?

செந்தூல்காரி: இரவு ஏழு மணியைத் தாண்டினால் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் கூடுதல் கட்டணம். நேற்றும் மகள் காலணியைக் கழற்றாமலே வாசலில் தூங்கிவிட்டாள். டென்மார்க்கில் சேட்டெடாமன் என்ற இடத்தில் 1972-லேயே தனித்தனியாக 27 வீடுகள், எல்லோருக்கும் ஒரு பொது இல்லம். முறை வைத்துச் சமைக்கிறார்களாம். கோலாலம்பூரில் நடக்குமா?

பட்டர்வொர்த் அண்ணன்: நம் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்ததுதானே, தங்கச்சி! பாட்டியின் குழம்பு நான்கு வாசல் தாண்டும். வம்பும் தாண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசி: நிலம் வாங்கிக் கட்டுவதெல்லாம் கனவு, அக்கா. நாங்கள் மூன்று குடும்பங்கள் ஒரே அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். செவ்வாய்க்கிழமை என் சாம்பார். பாத்திரம் யார் கழுவுவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். எங்களுக்குச் சண்டை வந்தது அதில்தான்.

செந்தூல்காரி: சைவமா, அசைவமா?

பிரிக்பீல்ட்ஸ் வாசி: இரண்டு சட்டி, அக்கா.