பொருள்: சன்ஸ்கிரீனுக்குத் தமிழ், நாளைக் காலைக்குள்

அன்பர்களே,
வெட்டவெளியில் வேலை செய்வோருக்கான துண்டறிக்கை ஒன்று நாளை அச்சுக்குப் போகிறது. தொப்பி, முழுக்கைச் சட்டை, நிழலில் ஓய்வு எல்லாம் முடிந்தன. சன்ஸ்கிரீன் மட்டும் நிற்கிறது. 'சூரியத் திரை' என்று எழுதி, சாரத்தில் நின்று பூசுவேலை பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். "படுதா எங்க கட்டணும்?" என்றார். அடித்துவிட்டேன். எவ்வளவு காக்கும் என்று அந்தக் களிம்பின் மேல் போடும் எண்ணான எஸ்பிஎஃப் என்பதற்கும் ஒரு சொல் வேண்டும்.
– மொழிபெயர்ப்பாளர்

ஆக்கவே வேண்டாம், இருக்கிறது: வெயின்மறை. புறநானூறு 35, வெள்ளைக்குடி நாகனார் வாக்கு: "வெயின்மறைக் கொண்டன்றோ அன்றே". மறை, முதனிலைத் தொழிற்பெயர். ஆகுபெயராய்க் களிம்பைக் குறிக்கும்.
– புலவர்

ஐயா, அந்த வரிக்கு அடுத்து "வருந்திய குடிமறைப் பதுவே" என்றல்லவா வருகிறது? சோழன் குடை வெயிலை மறைக்க அல்ல, வருந்திய குடிகளைக் காக்க என்கிறார் நாகனார். உங்கள் சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறார்! போகட்டும். தளத்தில் மறை என்றால் போல்ட்டில் முடுக்குவது. "வெயின்மறை போடு" என்றால் பையன் ஸ்பேனரோடு வருவான்.
– தளப் பொறியாளர்

அக்குடிகள் உழவர். வெட்டவெளி வேலைக்காரர்கள்தாமே? பொருத்தம் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. மறை கூடாதென்றால் வெயிற்காப்பு. அதுவும் அரைமனதோடுதான். தொல்காப்பியர் இச்சொல்லுக்கென்றே நூற்பா வைத்திருக்கிறார்: "வெயிலென் கிளவி மழையியல் நிலையும்". அத்துச் சாரியை பெறும். வெயிலத்துச் சென்றான் என்பதுபோல. எனவே 'வெயிலத்துக் காப்பு' என்பதே மரபு எனத் துணிகிறேன்.
– புலவர்

வெயில், வெயின், வெயிற், வெயிலத்து. ஒரே நாளில் நாலு வெயில் தாங்காது ஐயா.
– தளப் பொறியாளர்

தோல் மருத்துவராக ஒரு தடை. தோலைப் பொசுக்குவது சூடு அல்ல, புற ஊதாக் கதிர். மேகம் மூடிய நாளிலும் அதில் பெரும்பங்கு இறங்கிவிடும். 'வெயில்' என்று எழுதினால் மப்பான நாளில் யாரும் பூச மாட்டார்கள். அன்றுதான் பிடரி சிவந்து வருகிறார்கள். 'புற ஊதாத் தடுப்புக் களிம்பு' என்பதே சரி.

எஸ்பிஎஃப்-க்கு 'மடங்கு' மட்டும் வேண்டாம். 15 என்றால் தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் சுமார் 93 விழுக்காடும், 30 என்றால் 97-ம், 50 என்றால் 98-ம் தடுக்கும். எண் இரட்டித்தால் காப்பு இரட்டிக்காது. அதுவும் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி ஆய்வகத்தில் அளந்த கணக்கு. அத்தனை கனமாக எவரும் பூசுவதில்லை. 'காப்பு எண்' போதும்.
– மருத்துவர்

காப்பு எண்ணுக்குக் கைதூக்குகிறேன். புற ஊதாவுக்கு இல்லை. பூசினால் உடம்பு ஊதாவாகுமா என்று கேட்பார்கள். (ஊதா தமிழ்ச்சொல்லா என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள். போன தடவை பட்டது போதும்.)
– தளப் பொறியாளர்

மணி பன்னிரண்டு. இப்படி அனுப்பிவிட்டேன்: "வெளியே இறங்க 15 நிமிடம் முன்பே, சன்ஸ்கிரீன் என்னும் வெயில்காப்புக் களிம்பை முகம், காது, பிடரி, புறங்கையில் பூசுங்கள். காப்பு எண் 30-க்குக் குறையாமல் வாங்குங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். வியர்த்து ஊற்றினால் அதற்கும் முன்பே. மப்பான நாளிலும் பூசுங்கள்." கடைசி வரி மருத்துவருக்காக. வெயிலுக்கு மூவர் ஒப்பு, ஒருவர் மறுப்பு.
– மொழிபெயர்ப்பாளர்

மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். பாடநூலுக்கு இச்சொல் வந்தால் மீண்டும் எழுதுவேன்.
– மருத்துவர்

வெயிற்காப்பு. றகரம் விட்டுப்போயிற்று, மறுபதிப்பில் திருத்துக. பிடரி நல்ல சொல். அதைப் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.
– புலவர்