இயற்கை வெப்பச்சலனமா, தன்னெழு வெப்பச்சலனமா?

வணக்கம். ஆங்கிலத்தில் 'natural convection' எனப்படுவதற்கு 'தன்னெழு வெப்பச்சலனம்' என்று நான் சொன்னதன்மேல் எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'இயற்கை வெப்பச்சலனம்' பாடநூலிலேயே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, கேள்வி நியாயம்தான். காற்றோ நீரோ நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து செல்வதைக் குறிக்கும் 'வெப்பச்சலனத்தில்' நான் கை வைக்கவில்லை. (இலங்கையில் 'மேற்காவுகை' என்பார்கள், அதுவும் அழகான சொல்.) எனக்கு உறுத்துவது 'இயற்கை'. கூரைமேல் காற்று வீசி ஓடு குளிர்கிறது என்று வையுங்கள். வீசும் காற்றைவிட இயற்கையானது எது? ஆனால் வெப்பவியலில் அது இந்தக் கணக்கில் சேராது, வெளியிலிருந்து உந்தப்பட்ட ஓட்டம். அதே கூரைக்கு அடியில், அடைபட்ட முக்கோண இடத்தில், விசிறி எதுவும் இல்லாமல் காற்று தானே சுழல்கிறதே, அதற்குத்தான் பெயர் வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலே போகிறது, குளிர்ந்தது இறங்குகிறது. அதனால் 'தன்னெழு வெப்பச்சலனம்' என்கிறேன். எதிர்ச்சொல் 'உந்து வெப்பச்சலனம்'.

முக்கோணத்தில் வைத்துப் பார்த்தால் இந்தச் சொல் இன்னும் பொருந்துகிறது. பரந்த இரண்டு கிடைமட்டத் தகடுகளுக்கு நடுவே, கீழே சூடும் மேலே குளிருமாக இருந்தால், ரேலி எண் (காற்றை எழுப்பும் மிதப்பு, அதைத் தடுக்கும் பாகுநிலையையும் வெப்பக் கடத்தலையும்விட எவ்வளவு வலியது என்று காட்டும் எண்) ஏறத்தாழ 1708-ஐத் தாண்டும்வரை காற்று அசையாது. கூரை சாய்ந்திருந்தால் இந்தக் காத்திருப்பே இல்லை. பக்கவாட்டிலும் வெப்பநிலை மாறுவதால், வேறுபாடு எவ்வளவு சிறிதானாலும் மெல்லிய ஓட்டம் தொடங்கிவிடும். இருசமபக்க முக்கோணம் என்றால் முதலில் இடமும் வலமும் ஒரே மாதிரி இரண்டு சுழல்கள். ரேலி எண் ஏற ஏற ஒன்று பெருத்து மற்றதை ஓரங்கட்டிவிடும். கூரை சமச்சீர், ஓட்டம் சமச்சீர் அல்ல! ரேலி எண் உயரத்தின் மும்மடியைப் பொறுத்தது, உயரம் இரண்டு மடங்கானால் எண் எட்டு மடங்கு. இவ்வளவு நடந்தும் இறவாரத்தை ஒட்டிய கூர்மூலையில் காற்று கிட்டத்தட்ட முடங்கிக் கிடக்கும். அங்கே வெப்பம் போவது கடத்தலால்தான்.

> பகலில் கூரை சுடும், தளம் குளிர்ந்திருக்கும். அப்போது எது எழுகிறது?

இது சரியான அடி. அப்போது சூடான காற்று மேலேயே அடுக்காகத் தங்கிவிடும், ஓட்டம் நலிந்துபோகும், தளத்துக்கு வரும் வெப்பத்தில் பெரும்பங்கு கதிர்வீச்சு. ஆனால் நான் சொல்லும் 'எழு' மேலே போவதல்ல, 'தன்னெழுச்சி'யில் வருகிற எழு, தானே தோன்றுவது. மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வாரோ என்ற தயக்கம் எனக்கும் உண்டு. 'மிதப்பு வெப்பச்சலனம்' காரணத்தை நேரடியாகச் சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கேட்டதும் படகுதான் நினைவுக்கு வருகிறது, அதுதான் சிக்கல்.

கூரைக்கு அடியில் உள்ள அந்த முக்கோண இடத்துக்கான பெயர்: 'பரண்' சாமான் வைக்கும் தட்டு, 'மச்சு' மேல்தளம், இரண்டும் பொருந்தவில்லை. 'கூரைவெளி' என்றால் கூரைக்கு வெளியே என்று படித்துவிடுவார்கள், நானே ஒருமுறை அப்படிப் படித்தேன். 'கூரையகம்' போதும். 'வெப்பப் பரிமாற்றம்' பழகிவிட்டது, அதை விட்டுவிடலாம்.

ஆக, முழுத்தொடர்: 'முக்கோணக் கூரையகத்தில் தன்னெழு வெப்பச்சலனம்'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறினால் எழுதுங்கள்.