ஓய்வுபெற்ற இருவர், கையில் ஒரு கோடைகாலம்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஆறு, வாவி, குளம் என்று எங்கே போகலாம்?

வாவிக்கரை வாத்தியார் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பதுளைப் பக்கம் 31 வருசம் படிப்பித்துவிட்டு இந்த மாசியோடு பென்சனில் வந்துவிட்டேன். மனைவியின் ஊர் களுவாஞ்சிகுடி. அவவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு இவ்வளவு காலமும் வாடகைக்கு இருந்தது, இப்போது அதில்தான் குடியிருக்கிறோம். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். வருசப்பிறப்பு முடிந்ததிலிருந்து ஆவணி வரைக்கும் எங்களுக்கென்று ஒரு வேலையும் இல்லை, அதற்காகப் பகல் முழுக்க ஃபேனுக்குக் கீழே படுத்துக் கிடக்கவும் மனமில்லை.

நேற்று அந்திபட வாவிக்கரைக்குப் போனோம். அவ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் போய் நின்றா. சின்ன வயதில் அப்பாவோடு வந்து இதே இடத்தில் அத்தாங்கு என்கிற கைவலை போட்டு இறால் பிடித்ததையும், அப்பா ஓலைப் பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் போவதையும் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே நின்றேன். கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் என்னிடம் சொல்லாத கதை. அப்போதே முடிவெடுத்துவிட்டேன், இந்தக் கோடை முழுக்கத் தண்ணீர்க்கரைதான் என்று.

பழைய கார் ஒன்று இருக்கிறது. அவவுக்கு முழங்கால் வருத்தம், மேடு ஏற முடியாது. எனக்கு நீச்சல் தெரியாது. பெரிய ஹோட்டல் எல்லாம் தேவையில்லை. இங்கினியாகலையில் படகில் போய் யானை பார்க்கலாம் என்கிறார்கள், முழங்கால் வருத்தக்காரருக்கு அது சரிவருமா? வாவியில் இறங்கிக் குளிக்கலாமா? ஊரில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

படுவான்கரைப் பொடியன் எழுதியது:

வணக்கம் சேர். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் குருமண்வெளித் துறை இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். பாதையில் ஏறினால் அக்கரை மண்டூர். புதிதாக வந்தவர் என்பதால் சொல்கிறேன், இங்கே பாதை என்றால் ரோடு இல்லை, ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. காரைத் துறையிலேயே விட்டுவிட்டு ஆட்களாக ஏறுங்கள். மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள், வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை நடக்கும். கும்பிட்டுவிட்டு அடுத்த பாதையில் திரும்பி வரலாம், மேடு பள்ளம் ஒன்றும் கிடையாது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவதென்றால் 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு காரிலேயே போகலாம். அதற்கு முன்னர் அங்கேயும் பாதைதான், நான் பள்ளிக்கூடம் போனது அதில்.

நேரம்தான் முக்கியம். வைகாசி பிறந்தால் கச்சான் காற்று தொடங்கிவிடும். மேற்கே இருந்து சுடச்சுட அடிக்கும், பின்னேரத்தில் வாவி அலை எழும்பி எழுவான்கரை, அதாவது உங்கள் கிழக்குக் கரைப் பக்கம்தான் வந்து மோதும். அதனால் விடியக்காலையில் போங்கள். ஆறு மணிக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், வலைக்குப் போன தோணிகள் திரும்பும், கரையில் வைத்தே மீன் வாங்கலாம். எட்டரை, ஒன்பதுக்கு வீட்டுக்குக் கிறுகிவிடுங்கள்.

குளிப்பது பற்றி: தெரியாத துறையில் இறங்கவே வேண்டாம். வாவியிலும் முதலை இருக்கிறது, உன்னிச்சைக் குளம் மாதிரிக் குளங்களிலும் இருக்கிறது. கண்ணா மரம் (அலையாத்தி) அடர்ந்த கரையிலும், மிதந்து படரும் ஆற்றுவாழை மூடிய இடத்திலும் அது கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஊர்ச்சனம் தினமும் குளிக்கிற துறை எது என்று கேளுங்கள், அவர்களே இறங்காத நேரத்தில் நீங்களும் இறங்க வேண்டாம். அந்திபட்ட பிறகு கணுக்கால் தண்ணீரில்கூட நிற்கக் கூடாது சேர், அக்காவிடமும் சொல்லிவிடுங்கள்.

சம்மாந்துறை வயல்காரன் எழுதியது:

இங்கினியாகலை பற்றி நான் சொல்கிறேன். போன வருசம் ஆனியில் வாப்பாவையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வாப்பாவுக்கு 74, உம்மாவுக்கும் முழங்கால் வருத்தம்தான். படகுக்குள் உட்கார்ந்த பிறகு ஒரு கரைச்சலும் இல்லை, ஏறுவதும் இறங்குவதும்தான் பாடு. கோடையில் குளத்துத் தண்ணீர் கீழே போய்விடுவதால் கரைச் சரிவில் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டி வந்தது. நான் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டு போயிருந்தேன், அதைத் தண்ணீருக்குள் வைத்து, அதில் கால் வைத்துத்தான் உம்மா படகில் ஏறினா. படகுக்காரத் தம்பி மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்களும் மறக்காமல் ஒரு ஸ்டூலைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இங்கினியாகலைக் குளத்துக்குச் சேனாநாயக்க சமுத்திரம் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. நடுவில் போனால் அது குளம் என்ற நினைப்பே வராது, சுற்றிவர மலை, இடையிடையே தீவுகள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் கட்டிய அணை, சுற்றியுள்ள காட்டை 1954இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். தண்ணீர் வற்ற வற்றக் கரையிலும் தீவுகளிலும் புதுப் புல் முளைக்கும். அதைத் தின்னத்தான் யானைகள் தீவுக்குத் தீவு நீந்தும். நாங்கள் போன அன்று இரண்டு யானை கடந்தன. படகுக்காரர் தூரத்திலேயே இஞ்சினை நிறுத்திவிட்டார். தலையின் மேட்டுப் பகுதியும் தும்பிக்கை நுனியும் மட்டும்தான் வெளியே தெரிந்தன, அது மூச்சு விடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. வாப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான், இந்தத் தண்ணீரில்தானே நாற்பது வருசம் வேளாண்மை செய்தேன், அது இருக்கிற இடத்தை இன்றைக்குத்தான் கண்டேன் என்று சொன்னார். எனக்கு மனசு என்னவோ செய்துவிட்டது.

யானை கட்டாயம் காணலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அது அதன் விருப்பம். விடிய முதல் புறப்படுங்கள், வெயில் ஏறினால் படகில் நிழல் கிடையாது. உயிர்காப்பு அங்கி தராத படகில் ஏற வேண்டாம், நீச்சல் தெரியாதவர் நீங்கள். இன்னொன்று, சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிற நாட்களில் பெரிய வாய்க்கால்களில் இறங்க வேண்டாம். பார்க்கச் சாது மாதிரி இருக்கும், இழுப்பு காலைப் பறித்துவிடும்.

கல்லடி ரீச்சர் எழுதியது:

தம்பிமார் சொன்னதெல்லாம் சரி. நான் தங்கச்சிக்குத்தான் எழுதுகிறேன், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். நாங்களும் பென்சன் எடுத்த முதல் வருசம் ஊர் ஊராய் ஓடினோம். ஒரு கிழமை பொத்துவில், அறுகம்பை, பாணமை, உகந்தை, மறுகா வந்த கையோடு பாசிக்குடா. கண்டது நிறைய, ஆனால் வந்து இரண்டு நாள் எழும்பேலாமல் கிடந்தேன். அடுத்த வருசம் அப்படிச் செய்யவில்லை. பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு இருக்கிறதல்லவா, அங்கே முகத்துவாரத்துப் பக்கம் ஓர் இடத்தைப் பிடித்து, கிழமையில் மூன்று நாள் அங்கேயே போனோம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் அந்த இடம் தன்னைக் காட்டும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும், ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில் நீங்கள் நடக்கலாம். எந்தக் கொக்கு எந்தக் கம்பில் வந்து இருக்கும் என்பதுகூட எங்களுக்குத் தெரிந்துவிட்டது. இவர் தூண்டில் போடுவார், நான் பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பேன். பிடிபட்டது குறைவு. அந்த மூன்று மாதமும் நாங்கள் பேசின அளவுக்கு, வேலைக்குப் போன காலத்தில் பேசினதே இல்லை.

கடலில் கால் நனைக்க ஆசையென்றால் பாசிக்குடா போதும், தூரம் போனாலும் ஆழம் வராது. ஆனால் கச்சான் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. காற்றடித்த டியூப்பில் மிதந்தால் உங்களுக்குத் தெரியாமலே வெளியே கொண்டு போய்விடும், அந்த விளையாட்டு வேண்டாம்.

பூரணை இரவில் கல்லடிக்கு வாருங்கள். 1924இல் கட்டிய பழைய பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும். காற்று விழுந்த இரவாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு தரம் கேட்டிருக்கிறது, தம்பூரா நரம்பைத் தூரத்தில் யாரோ மெல்லத் தட்டுவது மாதிரி.

வாவிக்கரை வாத்தியார் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை விடியக் குருமண்வெளியில் பாதை ஏறினோம். அவ நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. பக்கத்தில் தயிர்முட்டிகளோடு நின்ற அம்மா ஒருவர் நீ இன்னாருடைய மகள்தானே என்று கேட்க, அக்கரை போகும்வரை இரண்டு பேரும் பழைய கதைதான். இறங்கும்போது ஒரு முட்டி தயிரைக் காசு வாங்காமல் கையில் வைத்துவிட்டார். அடுத்த சனிக்கும் அதே பாதையில்தான் போகிறோம், அவருக்குக் கொடுக்க வீட்டு மாங்காய் ஆய்ந்து வைத்திருக்கிறா.

இங்கினியாகலை ஆனியில் பார்ப்போம், ஸ்டூல் இப்போதே காரில் ஏறிவிட்டது. பாலமீன்மடுவுக்கும் ஒருநாள் வருகிறோம் ரீச்சர். இப்போது ஒரேயொரு கேள்வி: பழைய மாதிரிக் கையால் பின்னுகிற அத்தாங்கு இன்னும் எந்த ஊரில் கிடைக்கும்? விடியற்புறத்தில், ஊர்ச்சனம் இறங்குகிற துறையில் மட்டும்தான் போடுவோம். அவ தானே பிடித்துப் பார்க்க வேண்டும் என்கிறா.