காலிபர்: குழல்விட்டமா, தோட்டா வகையா?

வணக்கம். மான் வேட்டைக்கு ஏற்ற ரைபிளைத் தேர்வது பற்றிய கட்டுரையில் 'காலிபர்' வரும் இடமெல்லாம் 'குழல்விட்டம்' என்று எழுதலாம் என ஐயா பரிந்துரைத்திருக்கிறார். சொல் நல்ல சொல்தான். ஆனால் அக்கட்டுரையில் பாதி இடங்களுக்கு மேல் அது பொருந்தாது.

குழல்விட்டம் என்பது ஓர் அளவு. ரைபிளின் குழலுக்குள் குண்டைச் சுழல வைக்கும் புரி, அதாவது பள்ளமான காடிகளும் அவற்றுக்கு இடையே மேடுகளும், வெட்டப்பட்டிருப்பதால், 308 வின்செஸ்டர் என்ற தோட்டாவுக்கான குழலை மேட்டுக்கு மேடு அளந்தால் 0.300 அங்குலமும், காடிக்குக் காடி அளந்தால் 0.308 அங்குலமும் வரும். (தச்சர்கள் வழங்கும் 'காடி' இருக்கும்போது இதற்குப் புதுச்சொல் வேண்டியதில்லை.)

வேட்டைக்காரர் 'என்ன காலிபர்?' என்று கேட்கும்போதோ, பெரும்பாலும் இந்த அளவைக் கேட்பதில்லை. 22 லாங் ரைபிள், 223 ரெமிங்டன் ஆகிய இரண்டு தோட்டாக்களின் குண்டுகளும் ஏறக்குறைய ஒரே விட்டம் உடையவை. எனினும் முன்னது முயலுக்குப் போதுமானது, பின்னதன் ஆற்றல் அதைப்போல் பல மடங்கு. 270 வின்செஸ்டரின் குண்டு 0.277 அங்குலம் என்பதால் பெயரிலுள்ள எண்ணையும் அளவாகக் கொள்ள முடியாது. ஆகவே அவர் கேட்பது தோட்டா வகையை.

மான் துன்புறாமல் விரைவில் சாக வேண்டும் என்பதே அறம்சார்ந்த வேட்டையின் முதல் நிபந்தனை; இதயமும் நுரையீரலும் உள்ள இடத்தில் குண்டு சரியாகப் பட்டு, போதிய ஆழம் சென்று, விரிய வேண்டும். இதை விட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் பெரிய மானினங்களுக்கு 0.240 அங்குலத்துக்குக் குறையாத காலிபரோடு 1,700 அடி-பவுண்டு ஆற்றலையும் கேட்கிறது. ஸ்காட்லாந்தின் 1985ஆம் ஆண்டு ஆணையோ விட்டத்தை விட்டுவிட்டு, குண்டின் எடை, வேகம், ஆற்றல் ஆகியவற்றைக் கொண்டே வரம்பு வகுத்தது. இங்கிலாந்துச் சட்டத்தை மொழிபெயர்க்கும் வரியில் 'குழல்விட்டம்' என்றே இருக்கட்டும். கட்டுரைத் தலைப்பில் 'தோட்டா வகை' என்று மாற்ற வேண்டும்.

இதனோடு தோட்டாவையும் குண்டையும் பிரித்தாக வேண்டும். உறை, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. குழலை விட்டுப் பாய்வது குண்டு மட்டுமே. செய்தித்தாள் வழக்கைப் பின்பற்றி 'விரியும் தோட்டா' என்று எழுதினால், பித்தளை உறை விரிவதாக அல்லவா படிப்பவர் நினைப்பார்? 'விரிகுண்டு' என்பதே சரி. குண்டு வெளிவரும் கணத்தில் அதற்குள்ள ஆற்றலைக் 'குழல்வாய் ஆற்றல்' எனலாம் என்பது என் முன்மொழிவு. 'வாய்' கொச்சையாகத் தோன்றினால் 'குழல்முனை ஆற்றல்' என்றாலும் எனக்கு மறுப்பில்லை.